நர்சிங் உதவியாளர் பயிற்சி: நோயாளி பராமரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை வார்டிலும் வீட்டிலும் படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கப் பயிற்சி பெறுவோர், வகுப்பில் கேட்கத் தயங்கிப் பிறகு வராந்தாவில் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் சூழலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நீங்கள் பணிபுரியும் இடத்தின் எழுத்துபூர்வ நெறிமுறை ஏதேனும் ஒன்றில் வேறாகச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: உதவியாளரின் வேலை எங்கே முடிந்து, செவிலியரின் வேலை எங்கே தொடங்குகிறது?

நோயாளியைச் சுத்தமாக வைத்திருப்பது, உணவூட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, எழுந்து நடக்கத் துணை நிற்பது, உடல் வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து குறிப்பது, கண்ணில் பட்ட மாற்றத்தைத் தாமதிக்காமல் செவிலியரிடம் சொல்வது ஆகியவை உங்கள் பொறுப்பு. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, டிரிப்ஸ் ஏற்றுவது, அதன் வேகத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது, ஆக்சிஜன் அளவை மாற்றுவது, சிறுநீர்க் குழாயோ மூக்குக் குழாயோ செருகுவது ஆகியவை உங்கள் பொறுப்பு அல்ல. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் போன்ற படிப்புகளை முடித்து மாநில நர்சிங் குழுமத்தில் பதிவு பெற்றவர்களே அவற்றைச் செய்யலாம். அவர்களுக்கும் மருத்துவரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும்.

கேள்வி: ஆள் பற்றாக்குறையால் என்னையே ஊசி போடச் சொன்னால் என்ன செய்வது?

மறுக்க வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் இது நடக்காத ஒன்றல்ல என்பதால்தான் இந்தக் கேள்வி ஒவ்வொரு பயிற்சி அணியிலும் எழுகிறது. "சிஸ்டர், டிரேயைத் தயாராக வைத்து, நோயாளி பக்கத்திலேயே நிற்கிறேன், ஊசியை நீங்களே போட்டுவிடுங்கள்" என்று சொன்னால் மரியாதையும் கெடாது, வேலையும் நிற்காது. எப்படிப் போடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒவ்வாமை ஏற்பட்டு நோயாளி மூச்சுத் திணறினால் அடுத்த நொடியில் செய்ய வேண்டியது என்ன என்பதற்கான பயிற்சியும் அதிகாரமும் உங்களிடம் இல்லை.

கேள்வி: கையை எப்போதெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும்? கையுறை போட்டிருந்தாலும் தேவையா?

உலக சுகாதார நிறுவனம் 5 தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறை எதையும் தொடங்கும் முன், இரத்தம் அல்லது உடல் திரவம் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை, போர்வை போன்றவற்றைத் தொட்ட பின். இவற்றில் பெரும்பாலும் விடுபடுவது கடைசித் தருணம்தான். நோயாளியைத் தொடவில்லை, கட்டில் கம்பியைத்தானே நகர்த்தினேன் என்று அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறோம். அந்தக் கம்பியில்தான் கிருமி அதிகம் ஒட்டியிருக்கும்.

ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி வரையும், சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி வரையும் ஆக வேண்டும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீருமே சரி. கையுறை கை கழுவுவதற்கு மாற்று அல்ல. போடும் முன்னும் கழற்றிய பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நோயாளிக்குப் போட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடுவது, வெறுங்கையால் தொடுவதைவிட மோசமான பழக்கம், ஏனெனில் கையுறை போட்டவருக்குத் தன் கை அழுக்கு என்ற எண்ணமே வருவதில்லை.

கேள்வி: வெப்பம், நாடி, மூச்சு ஆகியவற்றின் இயல்பான அளவு என்ன?

வளர்ந்தவர்களுக்கு வாயில் எடுக்கும் வெப்பம் சுமார் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37 டிகிரி செல்சியஸ். அக்குளில் எடுத்தால் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைவாகக் காட்டும் என்பதால் எங்கே வைத்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். காபியோ கஞ்சியோ சூடாகக் குடித்தவுடன் வாயில் எடுக்கக் கூடாது. ஓய்வில் இருக்கும்போது நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20.

இவற்றில் மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வார்டு சார்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், யாராக இருந்தாலும் மூச்சு 20 என்றே வரிசையாக எழுதியிருப்பதைக் காணலாம். அது எண்ணாமல் எழுதிய எண். நோயாளியின் நிலை மோசமாவதை மற்ற அளவுகளுக்கு முன்பே பல வேளைகளில் காட்டிக்கொடுப்பது மூச்சின் வேகம்தான். இரத்த அழுத்தம் விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு 24, 28 என்று ஏறத் தொடங்கியிருக்கும். ஆகவே முழு 1 நிமிடம் எண்ண வேண்டும். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் அவர் தம்மை அறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடியைப் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டில் வைத்த விரலை எடுக்காமல், பார்வையை மட்டும் மார்புக்கு நகர்த்தி எண்ணுவது பழைய முறை, நல்ல முறை.

கேள்வி: இரத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகக் காட்டுகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் கருவியில் இல்லை. நோயாளி 5 நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். அளக்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பட்டை சட்டைக் கையின் மேல் அல்லாமல் வெறும் தோலின் மேல் சுற்றப்பட வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய் இணைப்பு செய்த கை, மார்பக அறுவை சிகிச்சையில் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்ட பக்கத்துக் கை, டிரிப்ஸ் ஏறும் கை ஆகியவற்றில் அளக்கக் கூடாது. எந்தக் கை என்று நோயாளியிடமே கேட்டுவிடுவது நல்லது; டயாலிசிஸ் நோயாளிகள் அந்தக் கையைத் தொடக்கூட விடமாட்டார்கள், அவர்கள் செய்வது சரி.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கும் இதே கவனம் வேண்டும். நகப்பூச்சு, கருமையாகப் பிடித்த மருதாணி, குளிர்ந்த விரல், நடுங்கும் கை ஆகியவை அளவைக் குழப்பும். விரலை மாற்றி, சூடு வரத் தேய்த்து மீண்டும் பாருங்கள். அப்போதும் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உடனே சொல்லுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று மருத்துவரே எழுதியிருக்கலாம். குறைவாக இருக்கிறதே என்று ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டுவது அவர்களுக்குத் தீங்காக முடியலாம்.

கேள்வி: படுக்கைப் புண் வராமல் தடுக்க என்ன செய்ய வேண்டும்?

இந்த வேலையில் முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கும் காரியங்களில் இதுவே பெரியது. உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருக்கும்போது எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ள தசைக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது; சில மணி நேரத்திலேயே அங்கே சதை அழியத் தொடங்கிவிடலாம். பிட்டத்துக்கு மேலே உள்ள அடிமுதுகு எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களைக் குளிப்பாட்டும்போதும் திருப்பும்போதும் கண்ணால் பார்த்துக் கையால் தொட வேண்டும்.

அடையாளம் காண்பதற்கு விரல் போதும். நிறம் மாறிய இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால், ஆரோக்கியமான தோல் வெளிறிப் பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பும். அழுத்தி எடுத்தும் வெளிறாமல் அதே நிறத்தில் நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப் புண். பாடப்புத்தகங்கள் சிவந்த இடத்தைத் தேடச் சொல்கின்றன. நம் ஊர் நோயாளிகளின் கருத்த, மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ ஊதா சாயலிலோ இருக்கும், தொட்டால் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கல்லைப் போல இறுகியோ இருக்கும். எனவே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், புறங்கையால் தொட்டு ஒப்பிட வேண்டும்.

வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நிலையை மாற்ற வேண்டும். முழுவதும் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் மேல் எடை இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணையை அணைத்து 30 டிகிரி அளவுக்கு மட்டும் சாய்த்துப் படுக்க வைப்பதே சரி. குதிகாலுக்கு, கெண்டைக்காலின் அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் பல வீடுகளில் இன்னமும் வாங்கப்படுகிறது. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் இரத்த ஓட்டத்தை அழுத்தி நடுப்பகுதியை மேலும் கெடுக்கும். அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறிய இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும். உள்ளே சதை கிழியும். இரண்டு பேராக, அடியில் விரித்த துணியைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். விரிப்பின் சுருக்கம், முதுகுக்கு அடியில் மறந்துபோன பேனா மூடி, டிரிப்ஸ் குழாய் ஆகியவையே போதும் ஒரே இரவில் புண் வருவதற்கு. காற்று மெத்தை போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். மெத்தை உதவும், ஆனால் திருப்பும் வேலையை அது குறைப்பதில்லை.

கேள்வி: பக்கவாதம் வந்தவருக்கு உணவு கொடுப்பதில் என்ன கவனம் வேண்டும்?

முதலில், வாய்வழி கொடுக்கலாம் என்று மருத்துவர் அல்லது செவிலியர் சொல்லும் வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் கணிசமானோருக்கு விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். எல்லோரும் இருமித் திணறுவதில்லை. சிலருக்கு இருமலே வராமல் சத்தமின்றி உள்ளே இறங்கும்.

அனுமதி கிடைத்த பிறகு, நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றே கீழ் நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார். அது மூச்சுக்குழாயைத் திறந்துவிடும். ஆகவே அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து, தேக்கரண்டி அளவாக, வலுவுள்ள பக்கத்து வாயில் கொடுங்கள். ஒரு வாய் இறங்கியது தொண்டையின் அசைவில் தெரிந்த பிறகே அடுத்த வாய். தண்ணீர், காபி, ரசம் போன்ற நீர்த்த திரவங்களே இவர்களுக்கு மிகவும் ஆபத்தானவை; குழைந்த சாதமும் கெட்டியான கஞ்சியும் எளிதாக இறங்கும். தண்ணீர்தானே, தொண்டை நனையட்டும் என்று உறவினர்கள் படுத்தவாக்கிலேயே ஊற்றிவிடுவது வார்டில் தினமும் நடக்கிறது. அதைத் தடுத்துச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்.

ஊட்டும்போது இருமல், குரலில் ஈரம் கலந்த கரகரப்பு, கண்ணில் நீர், மூச்சு வாங்குதல் தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். முடித்ததும் பலவீனமான பக்கத்துக் கன்னத்துக்குள் சாதம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்து, குறைந்தது 30 நிமிடம் நிமிர்ந்தே இருக்கச் செய்யுங்கள்.

கேள்வி: மூக்குக் குழாய் வழியாக உணவு ஏறும்போது நான் பார்க்க வேண்டியது என்ன?

குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்வது செவிலியரின் வேலை. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்கிறதா, மூக்கருகே போட்ட குறி வெளியே நகர்ந்திருக்கிறதா, பிளாஸ்திரி தளர்ந்திருக்கிறதா என்பவற்றை நீங்கள் பார்க்க வேண்டும். உணவு ஏறும் நேரத்தில் நோயாளியைத் திருப்பவோ படுக்கையைத் தாழ்த்தவோ கூடாது.

கேள்வி: படுக்கையிலேயே குளிப்பாட்டுவதற்கு வரிசை உண்டா?

சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்கு என்பதே வரிசை. கண்ணை உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு பகுதியால் துடைத்து, முகம், கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு என்று போய், பிறப்புறுப்பைக் கடைசியாக, தண்ணீரை மாற்றிக்கொண்டு கழுவ வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். திரையை இழுத்துவிட்டு, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதை மூடி வைக்க வேண்டும். எட்டுப் பேர் படுத்திருக்கும் பொது வார்டில் திரை இல்லையென்றால், இரண்டு போர்வையை உறவினர் பிடித்துக்கொள்ளலாம். நினைவிழந்தவருக்கும் இதே மரியாதை உண்டு. "அம்மா, இப்போது முதுகைத் துடைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். ஆகவே தண்ணீரின் சூட்டை உங்கள் கையால் சோதித்துவிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்துவிடுங்கள். சுடுநீர்ப் பை வைக்கவோ நகத்தை நீங்களாக வெட்டவோ கூடாது.

கேள்வி: கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நோயாளி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறதே?

சக்கரங்களின் பிரேக்கைப் போட்டு, கால் வைக்கும் தகட்டை மடித்துவிட்டு, நாற்காலியை நோயாளியின் வலுவுள்ள பக்கத்தில் வைக்க வேண்டும். படுத்திருந்தவரை உடனே நிறுத்தக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும். உங்கள் முழங்காலை மடக்கி, அவரை உங்கள் உடலோடு நெருக்கிப் பிடித்து எழுப்புங்கள். குனிந்து தூக்கினால் உங்கள் இடுப்பு போய்விடும். பிடி மீறிச் சரிந்தால் தாங்கி நிறுத்தப் போராடாமல், தலை அடிபடாதபடி மெதுவாகத் தரையில் இறக்கி உதவிக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சிறுநீர்க் குழாயோடு இணைத்திருக்கும் பையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

பை எப்போதும் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஸ்டிரெச்சரில் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பது பரவலான தவறு. பையில் இருந்த சிறுநீர் கிருமியோடு திரும்ப உள்ளே ஓடும். காலி செய்யும்போது அளவுக் குடுவையில் ஊற்றி அளந்து எழுதுங்கள். வளர்ந்தவருக்கு மணிக்கு 30 மி.லி.க்கும் குறைவாக வந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உடனே தெரிவியுங்கள். நோயாளி உட்கொண்ட திரவத்தின் கணக்கில் இளநீர், மோர், கஞ்சி, டிரிப்ஸ் எல்லாம் சேரும். "ஒரு டம்ளர்" என்பது வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் வார்டு டம்ளர் எத்தனை மி.லி. பிடிக்கும் என்று ஒரு முறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சர்க்கரை திடீரெனக் குறைந்துவிட்டதை எப்படி அறிவது?

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அடையாளம். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இருந்தால் குறைவு. நினைவோடு விழுங்கக் கூடியவராக இருந்தால் செவிலியரைக் கூப்பிட்டுக்கொண்டே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கப்படும். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலின் போட்ட பிறகு காலை இட்லியில் பாதி தட்டிலேயே இருப்பதை முதலில் பார்ப்பவர் தட்டை எடுக்கும் நீங்கள். அதைச் சொல்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது.

கேள்வி: வலிப்பு வந்தால்?

கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், பற்களுக்கு நடுவே கரண்டி செருகுவதும், கை கால்களை அமுக்கிப் பிடிப்பதும் கூடாது. நேரத்தைப் பாருங்கள், அடிபடக் கூடிய பொருள்களை விலக்குங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசரநிலை. வீட்டில் என்றால் 108ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: உபயோகித்த ஊசி கையில் குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிழியக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. திட்டு விழும் என்று மறைக்காமல் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், ஏனெனில் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. 72 மணி நேரத்துக்குப் பின் பலன் இல்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் 3 தவணையையும் வார்டுக்குள் நுழையும் முன்பே போடத் தொடங்கிவிடுங்கள்.

குத்துவதில் கணிசமான பகுதி ஊசிக்கு மீண்டும் மூடி போடும்போதும், தவறான வாளியில் போட்ட ஊசியாலும் நேர்கிறது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில், குழாய்களும் கையுறைகளும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில், ஊசியும் பிளேடும் குத்துப்படாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில் சேர வேண்டும். வாழைப்பழத் தோலும் பிஸ்கட் உறையும் பொதுக் குப்பைக்கே.

கேள்வி: சிறிய மாற்றத்தையெல்லாம் சொன்னால் சிஸ்டர் கோபிக்கிறாரே, எதைச் சொல்வது, எதை விடுவது?

"பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார்" என்று சொன்னால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். "7ஆம் கட்டில், முருங்கைக்காய் வியாபாரம் செய்யும் ஐயா, காலையில் நன்றாகப் பேசினார், இப்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார், மூச்சு 28, நாடி 112, கை குளிர்ந்திருக்கிறது" என்று சொன்னால் வருவார்கள். முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், நீங்கள் அளந்தது என்ன என்ற மூன்றும் இருந்தால் எந்தச் செய்தியும் சிறியதாகாது. முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசுவதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். தொற்று, நீரிழப்பு, சர்க்கரைக் குறைவு எதுவாகவும் இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொய்வது, பேச்சு குளறுவது தெரிந்தால், அவர் கடைசியாக இயல்பாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் மட்டுமே போடப்படுகிறது.

கட்டில் எண்ணைச் சொல்வது செவிலியருக்கு இடம் காட்டுவதற்கு மட்டுமே. மாத்திரைக்கோ பரிசோதனைக்கோ அழைத்துப் போகும்போது முழுப் பெயரையும் மணிக்கட்டுப் பட்டையில் உள்ள மருத்துவமனை எண்ணையும் ஒப்பிட வேண்டும். நேற்று அந்தக் கட்டிலில் இருந்தவர் இன்று வேறு கட்டிலில் இருக்கலாம்.

கேள்வி: உறவினர்கள் "என்ன நோய், பிழைப்பாரா?" என்று என்னிடம் கேட்டால்?

"டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டுக்கொள்ளலாம், நான் சிஸ்டரிடமும் சொல்லி வைக்கிறேன்" என்பதற்கு மேல் போகக் கூடாது, ஆறுதலுக்காகக்கூட. எச்.ஐ.வி. போன்ற விவரம் உறவினருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே கற்பூரமோ ஊதுபத்தியோ ஏற்ற அவர்கள் விரும்பினால் மட்டும் கண்டிப்பாக மறுக்க வேண்டும். திருநீறு பூசுவதில் தடையில்லை.

கேள்வி: சார்ட்டில் ஒரு வேளை அளவு எடுக்க மறந்துவிட்டால் முந்தைய எண்ணையே எழுதலாமா?

கூடாது. "எடுக்கப்படவில்லை" என்று எழுதி, இப்போது எடுத்த அளவை இப்போதைய நேரத்தோடு குறியுங்கள். தவறாக எழுதியதை மை பூசி மறைக்காமல் ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, நேரத்தோடு கையெழுத்திடுங்கள். எடுக்காத அளவை நிரப்பி வைத்தால், அடுத்த ஷிப்டில் வருபவர் நோயாளி காலை முழுவதும் நன்றாக இருந்ததாக எண்ணி மருந்தை முடிவு செய்வார்.